ராஜா கல்லைப் பார்க்கட்டும்

வெள்ளானூரில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கட்டியவர்கள் வைத்த இங்கிலீஷ் பெயர் ஊர்க்காரர்கள் யார் வாயிலும் நுழையவில்லை. அதனால் அவர்களாகவே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள்: ஈட்டிக்காரன் ஃபிளாட். வாசலின் இரண்டு பக்கமும் ஃபைபரில் வார்த்த ரோமாபுரிச் சிப்பாய்கள், ஆளுக்கொரு ஈட்டியும் கேடயமுமாக விறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். தலையில் தரை தேய்க்கிற பிரஷ்ஷைக் கவிழ்த்தது மாதிரி ஒரு தொப்பி. முழங்காலுக்கு மேலே ஒரு பாவாடை. டாங்கி செய்கிற ஆவடிக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு ஈட்டியை நம்பிக் காவலுக்கு வைத்திருக்கிறார்களே என்று பூங்காவனத்துக்கு உள்ளே போகும்போதெல்லாம் சிரிப்பு வரும்.

தினமும் போகிறவள்தான். அந்த ஃபிளாட்டுக்குத் தண்ணீர் கேன் போடுவது அவள். மகன் ஜெகன் குட்டி யானை வண்டியை ஓட்டி வருவான், பூங்காவனம் கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு லிஃப்டில் போவாள். ஐம்பதைத் தாண்டியும் எதற்கு இன்னும் தூக்குகிறாய் என்று யாராவது கரிசனம் காட்டினால், "தோளு சும்மாதானே கீது" என்று வாயை அடைத்துவிடுவாள்.

அந்த மனை முன்பு அவள் புகுந்த வீட்டாருடையது. புருஷனின் அண்ணன் விற்றபோது ஒரே ஒரு வார்த்தை கேட்டு வாங்கினார்: வேப்பமரத்தடியில் இருக்கும் குதிரைக்காரசாமி கல்லை அசைக்கக் கூடாது, ஆடி மாதம் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்ற வழிவிட வேண்டும். கட்டியவர்கள் தலையை நன்றாகவே ஆட்டினார்கள். ஆட்டிய தலைகள் வேறு ஊரில் வேறு ஃபிளாட் கட்டப் போய்விட்டன. முழங்கால் உயரக் கருங்கல் மட்டும் ஜெனரேட்டர் அறைக்கும் விருந்தாளிகள் வண்டி நிறுத்தும் இடத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது.

கல்லுக்கு முகம் கிடையாது. முகம் பூங்காவனத்தின் கழுத்தில் இருந்தது. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பழைய வெண்கலக் காசு, ஓரத்தில் ஓட்டை, கறுப்புக் கயிறு. அந்த வீட்டுக்கு வாழ வந்த மருமகள்கள் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாகக் கட்டிக்கொண்டது. வருஷத்தில் ஒரு நாள் அதைக் கழற்றி மஞ்சள் நூலில் கோத்து கல்லின் நெற்றியில் கட்டுவார்கள். கட்டினால்தான் கல் சாமியாகும், அப்புறம்தான் கூழ். தொங்கவிட்டால் படம் தெளிவாகத் தெரியும். குதிரை முன்னங்கால் தூக்கி எழும்பும், மேலே இருப்பவர் ஒரு கையை நீட்டி ஓங்கியிருப்பார், கீழே ஒருவன் நெடுஞ்சாண்கிடையாகக் கிடப்பான். மறுபக்கம் ஏதோ ஒரு ராஜாவின் தலை. அந்தப் பக்கம் எப்போதும் கல்லோடு ஒட்டியிருக்க வேண்டும். காற்றில் காசு திரும்பிக்கொண்டால் யாராவது ஒருத்தி ஓடிப்போய்த் திருப்பி வைப்பாள். "ராஜா கல்லப் பாக்கட்டும்" என்பது அவர்கள் வழக்கு. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

பூங்காவனத்துக்கு அந்த ஓங்கிய கைதான் எல்லாம். புருஷன் போன புதிதில் இப்போது கேனுக்குத் தண்ணீர் எடுக்கிற போர்வெல் கிணற்றையும் பங்காளிகள் சேர்த்து எழுதிக்கொள்ளப் பார்த்தார்கள். கூடியிருந்த அத்தனை ஆண்களுக்கு நடுவில் அவள் காசை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை ஓங்கினாள். யாரையும் அடிக்கவில்லை. ஓங்கின கையை இறக்காமல் பேசினாள், அவ்வளவுதான். கிணறு அவளிடமே நின்றது.

இந்த வருஷம் ஆனி பிறந்ததும் குடியிருப்போர் சங்கம் வேப்பமரத்தில் ஓர் அறிவிப்பை மாட்டியது. மின்சார வண்டிகளுக்கு சார்ஜ் போடும் இடம் அங்கே வரப்போகிறது, கல்லை மதிலுக்கு வெளியே ஏரிப்பக்கம் மாற்ற வேண்டும், எல்லாரும் கூடி முடிவெடுப்பார்கள். ஏரிப்பக்கம் என்றால் கருவேலம்புதரும் குப்பையும். மரத்திலேயே ஆணியடித்து மாட்டியிருந்ததுதான் பூங்காவனத்துக்கு முதலில் எரிந்தது.

சங்கத்தின் செயலாளர் ஞானசேகரன். திருச்சிக்காரர், இன்சூரன்ஸில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனிதர் இல்லை, எதையும் ஒழுங்காகச் செய்தே தீருவார் என்பதுதான் அவரிடம் உள்ள தொந்தரவு. பழைய நாணயம் சேர்ப்பது அவருக்கு ஒரு பைத்தியம். சண்டை போடும் எண்ணத்தோடுதான் பூங்காவனம் அவர் வீட்டுக்குக் கேன் எடுத்துப் போனாள். வாயைத் திறப்பதற்குள், கேனைக் கவிழ்க்கக் குனிந்தபோது கயிறு ரவிக்கைக்கு வெளியே வந்து காசு ஊசலாடியது.

ஞானசேகரனின் கண்கள் அதோடு சேர்ந்து ஊசலாடின. "ஏம்மா, அது என்ன? கொஞ்சம் காட்டுங்க."

"கயட்ட மாட்டேன் சார். இப்டியே பாருங்க."

அவள் உள்ளங்கையில் வைத்தபடியே செல்போனில் படம் பிடித்தார். பிடித்தார், பிடித்தார், அவள் கை மரத்துப்போகும் வரை பிடித்தார். கல்லைப் பற்றி அவள் கேட்க வந்ததைக் கேட்கவே விடவில்லை. "அந்த விஷயம் கொஞ்சம் பொறுங்க, நல்லதே நடக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் அவரே கூப்பிட்டார். மகனையும் அழைத்து வரச் சொன்னார். உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். அந்த வீட்டில் இத்தனை நாளில் அவள் உட்கார்ந்தது அன்றுதான். பெரிய டிவியில் காசின் படத்தை விரித்தார். சுவர் முழுக்கக் காசு.

"இது ரோமானிய வெண்கலக் காசும்மா. நாலாம் நூற்றாண்டு. அந்தக் காலத்துல கப்பல்ல நம்ம கடற்கரைக்கு வந்திருக்கு. நம்ம குடியிருப்புக்கே ரோம் பேரு, வாசல்ல ரோம் வீரர்கள், இங்கேயே ரோம் காசு. யாருக்குக் கிடைக்கும் சொல்லுங்க? கமிட்டியில பேசிட்டேன். கல்லு இங்கேயே இருக்கட்டும். அந்த இடத்தைப் பாரம்பரிய மூலைன்னு வெச்சிடலாம். காசு முன் ஹால்ல கண்ணாடிப் பெட்டியில இருக்கும், ராஜா முகமும் தெரியற மாதிரி பின்னால முகம் பாக்கிற கண்ணாடி. ஆடியில அன்னிக்கு ஒரு நாள் எடுத்துக் கட்டிக்கலாம். இந்த வருஷம் கூழ் அன்னிக்கே மரத்தடியில கூட்டம் போட்டு முடிச்சிடலாம்."

ஜெகன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். பூங்காவனம் சிரிக்கவில்லை. டிவியில் இருந்த படம் அவளுக்குப் புரியவில்லை.

"படம் சாஞ்சிகினு கீது சார்."

"இல்லம்மா, இதுதான் நேர். ஓட்டையைப் பக்கவாட்டுல போட்டுட்டாங்க. யாரோ தெரியாம செஞ்ச தப்பு. அதனால நீங்க இத்தனை நாளா சாய்ச்சே மாட்டியிருக்கீங்க." அவர் எழுந்துபோய்த் திரையில் விரலை வைத்தார். "நிக்கிறான் பாருங்க, ஈட்டியோட, இவன் ரோம் படைவீரன். குதிரை மடங்கி விழுது. அதுலேர்ந்து விழறவன் எதிரி. இவன் அவனைக் குத்தறான். அவன் கையை நீட்டி உயிர்ப்பிச்சை கேக்கிறான். ராஜாவோட படை எப்பவும் ஜெயிக்கும்னு ஊருக்கெல்லாம் சொல்ல அடிச்ச காசு இது. வெள்ளியில சின்னதா ஒரு சட்டம் பண்ணி, வீரன் நிமிர்ந்து நிக்கிற மாதிரி நேரா மாட்டிடலாம். அது ஒண்ணுதான் கமிட்டி கேக்கிறது. தப்பா மாட்டி வெச்சா பாக்கிறவங்க சிரிப்பாங்க."

பூங்காவனம் காப்பியைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டாள்.

அவமானமாக இருந்தது. அதை வேறு எப்படியும் சொல்ல முடியாது. ஓங்கின கை என்று நினைத்தது கெஞ்சுகிற கை. சாமி என்று கும்பிட்டது சாகப்போகிறவனை. பங்காளிகள் முன்னால் அவள் கையைத் தூக்கி நின்றாளே, யாரைப் பார்த்து அந்தத் தைரியம் வந்தது? குத்துப்பட்டு விழுகிற ஒருவனைப் பார்த்தா? கேன் அடுக்கும் ஷெட்டில் வந்து உட்கார்ந்தவளுக்கு அழுகை வரவில்லை. யாரையாவது நாலு வார்த்தை திட்ட வேண்டும் போலிருந்தது. செத்துப்போன மாமியாரைத் திட்டலாமா என்றுகூட யோசித்தாள்.

ஜெகன் காலிக் கேன்களைக் கழுவிக்கொண்டே சொன்னான். "இன்னாம்மா இப்போ? நேரா மாட்டினா மாட்டிட்டுப் போட்டும். ஈட்டிக்காரனையே கும்புடலாம், அவந்தானே ஜெயிச்சவன். கல்லு நம்ம எடத்துல நிக்குது இல்ல? அத்த பாரு."

"உங்கப்பன் போனப்ப கெணத்த ஜெயிச்சவங்கையில குடுத்துட்டு வந்திருந்தா, நீ இன்னா கேன கயுவிகினு இருந்திருப்ப?"

"அது வேற."

"இன்னா வேற? உன் போன குடு."

அந்தப் படத்தை ஞானசேகரன் ஜெகனின் போனுக்கும் அனுப்பியிருந்தார். அவள் அதை வெயிலில் பிடித்து விரலால் பெரிதாக்கினாள். விழுகிறவரின் முகம் தேய்ந்திருந்தது. எத்தனை மருமகள்களின் கட்டைவிரல் அதன் மேல் போயிருக்குமோ. ஈட்டிக்காரன் மூக்கு முழியோடு தெளிவாக இருந்தான், அவனை யாரும் தொடவே இல்லை போலிருக்கிறது. அவன் தலைக்கு மேலே, காசின் விளிம்பில், ஒரு சின்னப் பள்ளம். முதலில் தேய்மானம் என்று நினைத்தாள். கழுத்திலிருந்து காசைத் தூக்கி நகத்தால் தடவிப் பார்த்தாள். தேய்மானம் இல்லை. வட்டமான பள்ளம். ஊசிமுனை இறங்கி நின்ற இடம். இத்தனை நாள் கழுத்தில் கிடந்தும் அவள் விரல் அங்கே போனதில்லை.

"ஜெகா, இங்க வா. இது இன்னா சொல்லு."

அவன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். "துளை போட ஆரமிச்சி பாதியில வுட்டுட்டிருக்காங்க."

"எங்க ஆரமிச்சிகீறாங்க?"

"மேல. நேரா." சொன்னவன் பள்ளத்திலிருந்து கீழே விரலை இழுத்தான். "அங்க போட்டிருந்தா ஈட்டிக்காரன் நின்னிருப்பான்."

பூங்காவனம் காசை நேராகப் பிடித்துப் பார்த்தாள், பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தாள். மகனுக்கே விளங்கிவிட்டது. யாரோ ஒருவர், அந்த வீட்டு ஆளோ, பேர் தெரியாத தட்டாரோ, காசை நேராகப் பிடித்துத் துளைக்க ஆரம்பித்திருக்கிறார். யார் நிற்கிறார்கள், யார் விழுகிறார்கள் என்று அப்போது நன்றாகத் தெரிந்திருக்கிறது. கையை நிறுத்தி, காசைத் திருப்பி, விழுந்தவர் எழுந்து உட்காரும் பக்கமாகப் பார்த்து மறுபடி துளைத்திருக்கிறார். ராஜாவின் மூஞ்சியைக் கல்லுப் பக்கம் திருப்பச் சொன்னதும் அந்த ஆளாகத்தான் இருக்கும். தெரியாமல் செய்த தப்பாம், தப்பு. அவளுக்கு இப்போதுதான் கோபம் ஒழுங்காக வந்தது, வந்த கோபம் தெம்பாகவும் இருந்தது.

"கூழு அன்னிக்கி வண்டியில கடப்பாரைய எடுத்து வெச்சிக்கோ" என்றாள்.

"யார அடிக்க?"

"யாரையும் அடிக்க இல்ல. கல்ல எடுங்கன்னு அவங்க முடிவு பண்ணா, நாம தோண்டி எடுத்துகினு வர்லாம். அவங்க கை படக் கூடாது. ஆனா கேட்டு பாத்துட்டுதான் எடுப்பேன்."

ஆடி மூன்றாம் ஞாயிறு. வேப்பமரத்தடியில் சங்கம் பந்தல் போட்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், மைக், ஒரு ஓரமாகக் காலியாகக் காத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி. கல்லுக்குப் பின்னால் கதவு உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ் பேனர். அதில் காசு, நேராக. ஈட்டிக்காரன் ஆளுயரத்துக்கு நின்று குத்திக்கொண்டிருந்தான்.

பூங்காவனம் கூழ்ப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு, சொந்தக்காரப் பெண்கள் வேப்பிலையும் கருவாட்டுக் குழம்பும் தூக்கிவர, வாசல் சிப்பாய்கள் நடுவில் நடந்து வந்தாள். கருவாட்டு வாசனைக்குச் சில மூக்குகள் சுருங்கின, சில மூக்குகள் நாற்காலியை விட்டு எழுந்தே வந்தன. கல்லைக் கழுவினாள், மஞ்சள் பூசினாள். கழுத்துக் கயிற்றை அவிழ்த்து, காசை மஞ்சள் நூலில் கோத்து, எப்போதும் போலக் கட்டினாள். குதிரை எழும்பியது. ராஜா கல்லைப் பார்த்தார்.

ஞானசேகரன் அருகில் வந்து தணிந்த குரலில் சொன்னார். "ஏம்மா, நேரா மாட்டறதா பேச்சு. வெள்ளிச் சட்டம் வாங்கி வெச்சிருக்கேன்."

"நான் பேசல சார். நீங்க பேசுனீங்க."

"எல்லாரும் பாக்கறாங்க. தப்பா இருக்கு."

பூங்காவனம் எழுந்து நின்றாள். மைக் அவளுக்குத் தேவைப்படவில்லை. தெருவுக்கே கேட்கும் குரல், கேன் தேவையா என்று மூன்றாம் மாடிக்குக் கேட்டுப் பழகிய குரல்.

"சார் சொல்றது நெஜந்தான். அவரு காட்டல்லன்னா எனக்கு தெரிஞ்சிருக்காது, அதுக்கு கும்புடு போட்டுக்கறேன். எங்க சாமி ஜெயிச்சவரு இல்ல. குதிரலேர்ந்து உயுறவரு. ஈட்டியால குத்தறாங்க, கைய நீட்டிகினு கீறாரு. அப்டித்தான் ராஜா அடிச்சி அனுப்பிச்சிகீறான். எங்க ஆளு யாரோ அத்த பாத்துட்டு, நேரா போட ஆரமிச்ச ஓட்டைய பாதியில நிறுத்திட்டு, பக்கத்துல போட்டுகீறான். கிட்ட வந்து பாருங்க, பள்ளம் கீது. கண்ணு தெரியாம போட்டது இல்ல. தெரிஞ்சி போட்டது. உயுந்தவர தூக்கி உக்கார வெச்சிகீறான். குத்துனவன படுக்க வெச்சிகீறான். அவன் தூக்கி வெச்சவர நான் எறக்க மாட்டேன்."

"அப்படின்னா கமிட்டி..." என்று ஆரம்பித்தார் ஞானசேகரன்.

"கமிட்டி இன்னா ஓணா முடிவு பண்ணட்டும். வாசல்ல ரெண்டு பேரு நிக்கிறாங்க, நிக்கட்டும், அது உங்க ஊடு. இந்த மரத்தடியில ஈட்டிக்காரன் நிக்க மாட்டான். காசு பொட்டிக்குள்ளயும் போவாது." கரண்டியைக் கையில் எடுத்தாள். "சாமி கட்டியாச்சி. மொதல்ல கூழு. அப்பால உங்க கூட்டம்."

மரத்தடியில் நிற்கும் யாருக்கும் இல்லை என்று சொல்லாமல் ஊற்றுவது வழக்கம். ஊற்றினார்கள். இடது கையில் கிண்ணம், வலது கையில் மோர் மிளகாயோ வெங்காயமோ. பி பிளாக்கில் இருக்கும் நிஷா, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த பெண், குனிந்து அந்தப் பள்ளத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு வந்து கிண்ணத்தை நீட்டினாள். "எங்க ஊர்லயும் வெட்டுப்பட்டுச் செத்தவருதாங்க்கா சாமி" என்றாள். பூங்காவனம் அவளுக்குக் குழம்பை இரண்டு கரண்டியாக விட்டாள்.

ஞானசேகரன் மைக்கைத் தட்டினார். முகம் வாடியிருந்தது, ஆனால் ஒழுங்கு ஒழுங்குதான். "நாம ஒரு ஏற்பாடு சொன்னோம், அவங்க ஏத்துக்கல. அதனால பழைய தீர்மானத்துக்கே வர்றோம். கல்லை வெளியே மாத்தணும்கிறவங்க கை தூக்குங்க."

ஜெகன் வண்டிப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தான். பூங்காவனத்தின் கரண்டி பிடித்த கை நிற்காமல் ஊற்றிக்கொண்டிருந்தது.

யாரும் தூக்கவில்லை. சி பிளாக் ஆள் ஒருவர், மின்சாரக் கார் வாங்கியவர், வலது முழங்கையைப் பாதி உயர்த்தினார். விரல்களில் மிளகாய் இருப்பதைப் பார்த்தார். அதைக் கடித்துக்கொண்டு கையை இறக்கிவிட்டார்.

"கை ஒழியலையே சார்" என்றாள் நிஷா.

"கிண்ணத்தைக் கீழே வெச்சிட்டுத் தூக்குங்க."

"கீய வெக்கக் கூடாது சார்" என்றாள் பூங்காவனம். "சாமி கூழு. காலியாவற வரிக்கும் கையிலதான் இருக்கணும்." காலியாகாமல் பார்த்துக்கொள்வது ஊற்றுகிறவள் வேலை. அவள் கரண்டியோடு ஒரு சுற்று வந்தாள்.

வைத்திருக்கலாம். அது என்ன பெரிய காரியம், குனிந்து கிண்ணத்தைத் தரையில் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? யாரும் வைக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், உறிஞ்சுகிற சத்தத்தோடு கூழ் குடித்துக்கொண்டு நின்றார்கள். ஞானசேகரன் இன்னொரு முறை கேட்டார். மூன்றாவது முறை கேட்க வாயெடுத்தபோது பூங்காவனம் அவர் எதிரில் நின்றாள், ததும்பத் ததும்ப ஒரு கிண்ணத்தோடு.

"புடிங்க சார்."

அவர் கிண்ணத்தைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். மைக்கைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அந்த வேப்பமரத்தடியில் அப்போது ஓங்கியிருந்த கை ஒன்றே ஒன்றுதான். அதன் கீழே ஈட்டிக்காரன் படுத்துக் கிடந்தான், ராஜா கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.